கோலத்துல பெருத்த புள்ளி

எங்க அம்மா கையில ஒரு கோலம் இருந்துச்சு. இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கம். பச்சை குத்தினது. வரிசையா புள்ளி, புள்ளியைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு ஓடற கம்பி. சின்னப் பிள்ளையில அந்தக் கை மேலதான் தலை வெச்சுத் தூங்குவேன். விரலால அந்தக் கம்பியைத் தடவிக்கிட்டே தூங்கிப் பழகினதால எந்தப் புள்ளி எங்கே இருக்குது, எந்தக் கம்பி எங்கே திரும்புதுன்னு எனக்கு அத்துப்படி. அதுல ஒரு புள்ளி பெருத்துப் போச்சுன்னு முதல்ல பார்த்தவளும் நான்தான்.

அறுபதுகளோட நடுவுல நடந்தது இது. நான் டீச்சர் ட்ரெயினிங் முடிச்சுட்டு சிங்கவரத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல அப்பதான் சேர்ந்திருந்தேன். எங்க தெருவுல மடிப்பு கலையாம புடவை கட்டிக்கிட்டு வேலைக்குப் போன முதல் பொம்பளை நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்துச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். எங்க அப்பா, நான் நைனான்னுதான் கூப்பிடுவேன், செஞ்சி மார்க்கெட் கமிட்டியில மூட்டை தூக்கினாரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வரத்து இருக்கற மாசத்துல அவரு முதுகைப் பார்த்தாலே வண்டி எத்தனை வந்துச்சுன்னு சொல்லிடலாம். அம்மா கூலிக்குக் களை எடுப்பா, மல்லாட்டை பிடுங்குவா, கிடைச்ச வேலைக்குப் போவா. சொந்தமா ஒரு முழம் நிலம் எங்களுக்குக் கிடையாது.

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அம்மாவும் உக்காந்து விதை மல்லாட்டை உடைச்சுக்கிட்டு இருந்தோம். அம்மா கை மேலயும் கீழயும் போயி வருது. கோலத்துல மத்த புள்ளியெல்லாம் வெளிறிப் போயி பாசி நிறத்துல இருக்குது. நடுப் புள்ளி மட்டும் தார் மாதிரி கருப்பு. ஓரம் வட்டமா இல்லாம ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நின்னுச்சு.

"ம்மா, இது இன்னாம்மா?"

"இன்னாது? பச்சைதான்." சொல்லிக்கிட்டே முந்தானையை இழுத்து கை மேல போட்டுக்கிட்டா.

எங்க அம்மா எதையும் மூடி மறைக்கிற பொம்பளை இல்லை. மனசுல இருக்கறது அடுத்த நிமிஷம் வாயில இருக்கும். அவ முந்தானையை இழுத்ததுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு.

அப்புறம் களை எடுக்கற எடத்துல முள்ளு கீறி அந்தப் புள்ளியில ரத்தம் வந்துச்சு. வந்த ரத்தம் நிக்கும், ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் கசியும். மஞ்சளை அரைச்சுப் பூசினா. பூசினா என்ன, ஆறினாத்தானே. நான் போட்ட கூச்சலுக்குப் பயந்து செஞ்சியில இருந்த ஒரு டாக்டர்கிட்ட வந்தா. அவரு வயசானவரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடியும் பார்த்தாரு.

"நம்ம ஆளுங்களுக்குக் கையில இப்படி வர்றது அபூர்வம். ஆனாலும் இது எனக்குப் பிடிக்கலை"ன்னாரு.

எப்படி வர்றதுன்னு நான் கேட்டேன்.  பாண்டிச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி, அங்கே வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த தோல் டாக்டர் இருக்காரு, தோலை வெட்டாமலே அது மேல மைக்ராஸ்கோப்பை வெச்சுப் பார்ப்பாரு, கூட்டிக்கிட்டுப் போங்கன்னாரு. நல்லதாச்சு, கெட்டதாச்சு, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பிடிக்கலையாம். அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்கும், எனக்கு அது காதுலயே விழாது.

திண்டிவனம் போயி பஸ் மாறி மூணு பேரும் பாண்டிக்குப் போனோம். அந்தத் தோல் டாக்டர் ஒல்லியா, அமைதியா இருந்தாரு. மேஜை மேல ரெண்டு கண்ணாலயும் பார்க்கற பெரிய மைக்ராஸ்கோப். பள்ளிக்கூடத்துல வெங்காயத் தோல் பார்க்கற மைக்ராஸ்கோப் எனக்குத் தெரியும். இது அது மாதிரி இல்லை. ஒரு ஆள் கையையே அடியில விட்டுக்கலாம். பக்கத்துல கண்ணைக் கூச வைக்கற விளக்கு. அவரு ஒரு சின்ன குப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து புள்ளி மேல விட்டாரு.

"ஐயோ, சுடப் போறாரு"ன்னு அம்மா கையை இழுத்துக்கிட்டா.

"சுட மாட்டேம்மா. தோல் மேல வெளிச்சம் பட்டா பளபளன்னு திருப்பி அடிக்கும், உள்ளே ஒண்ணும் தெரியாது. எண்ணெய் விட்டா அந்தப் பளபளப்பு அடங்கிடும். கிணத்துத் தண்ணி அசையாம இருந்தா அடி தெரியுமில்லே, அது மாதிரி உள்ளே இருக்கறது தெரியும்."

எண்ணெய் மேல மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டை வெச்சு அழுத்திக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே கேட்டாரு: "பச்சை குத்தறதுக்கு முன்னாடி இந்த எடத்துல மச்சம் ஏதாவது இருந்துச்சா?"

"இல்லவே இல்லீங்க சாமி."

டாக்டர் கேள்வியை முடிக்கறதுக்குள்ள வந்துச்சு அந்தப் பதில். நைனா பக்கத்துலதான் நின்னாரு. அவரும் "இல்லீங்க, நான் கட்டிக்கிட்டு வந்தப்பவே பச்சைதான்"னு சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

டாக்டர் நிமிர்ந்தாரு. என்னைப் பார்த்து, நான் படிச்சவன்னு தெரிஞ்சுக்கிட்டு, பொறுமையா சொன்னாரு. தோல்ல இருக்கற கருப்பு மேலாக்க இருந்தா லென்ஸ்ல பழுப்பா தெரியும். அதே கருப்பு ஆழத்துல இருந்தா நீலமா தெரியும். மச்சம் கெட்டுப் போயி கீழே இறங்கினாலும் நீலம். பச்சை குத்தின மையும் ஆழத்துல இருக்கறதால அதுவும் நீலம். "மச்சமே இல்லாத எடம்னா இந்த நீலம் மையாத்தான் இருக்கணும். முள்ளு குத்தி சீழ் வெச்சிருக்கலாம். மருந்து தர்றேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க." மைக்ராஸ்கோப் தலையில ஒரு கேமராவை மாட்டி அந்தக் கோலத்தைப் படம் பிடிச்சும் வெச்சுக்கிட்டாரு. இப்படிக் குத்தினதை அவரு இவ்வளவு பெருசாக்கிப் பார்த்ததே இல்லையாம்.

எங்களுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. நைனா ஆஸ்பத்திரி வாசல்லயே அம்மாவுக்கு மல்லிப்பூ வாங்கினாரு, எனக்கு ஒரு முழம். ஓட்டல்ல உக்காந்து தோசை சாப்பிட்டோம். அம்மா மட்டும் தோசையைப் பிட்டுப் பிட்டுத் தட்டுலயே வெச்சா. பஸ்ஸுல வந்த களைப்புன்னு நினைச்சேன்.

மருந்து தீர்ந்துச்சு. புள்ளி ஆறலை. அம்மா கையில ஒரு துணியைச் சுத்திக் கட்டிக்க ஆரம்பிச்சா. கேட்டா, மண்ணு படாம இருக்கட்டும்பா. குளிக்கும்போது என்னைக் கிட்ட விடமாட்டா. ஒரு நாள் கிணத்தடியில அவ துணியை அவிழ்த்து அலசிக்கிட்டு இருந்தப்ப பின்னால போயி கையைப் பிடிச்சுட்டேன்.  புள்ளி கம்பியைத் தாண்டி வெளியே வந்திருந்துச்சு.

"இன்னாம்மா இது! பச்சை எங்கனா வளருமா? யாரை ஏமாத்தற நீ?"

அம்மா அப்படியே ஈரத்தரையில உக்காந்துட்டா.

"அது மச்சம்டி"ன்னா.

அழுதுக்கிட்டே சொன்னதைக் கோத்துப் பார்த்தா விஷயம் இதுதான். அம்மாவுக்கு முதல்ல ஒரு எடத்துல சம்பந்தம் பேசினாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்கள்ல ஒருத்தி கையைப் புரட்டிப் பார்த்துட்டு, இந்த எடத்துல மச்சம் இருந்தா தாலி தங்காது, கட்டினவனை வாரிக்கிட்டுப் போயிடும்னு சொல்ல, எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. அதிர்ஷ்டக்காரனை மச்சக்காரன்னு கூப்பிடற ஊரு இது. அதே மச்சம் பொம்பளை உடம்புல எடம் மாறி இருந்தா எமன். நல்லா இருக்குது போ நியாயம்! அடுத்த சம்பந்தம் நைனா வீட்டுல இருந்து வர்றதுக்குள்ள அம்மா வீட்டுல ஒரு காரியம் பண்ணினாங்க. திருவிழாவுக்கு வந்த பச்சை குத்தற குறத்தியைக் கூப்பிட்டு, மச்சத்தை நடுவுல வெச்சு அதைச் சுத்திக் கோலம் குத்தச் சொல்லிட்டாங்க. மச்சத்து மேலயும் ஊசி இறங்குச்சு. மச்சம் கோலத்துல ஒரு புள்ளியாப் போச்சு. கண்ணாலம் நடந்துச்சு.

"சரி, அப்ப பயந்துக்கிட்டு மறைச்ச. இப்ப டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"உங்க நைனா பக்கத்துல நின்னாரே."

"தெரிஞ்சா இன்னா? இந்த வயசுல உன்னை வெட்டிவிடப் போறாரா?"

"அதுக்கில்லைடி. அது மூடியிருக்கறதாலதான் அவரு நல்லா இருக்காரு. வெட்டித் திறந்துட்டாங்கன்னா?"

 அவ பயப்பட்டது தன் உசுருக்கு இல்லை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்தப் பொம்பளை ஒரு மூடியைக் காவல் காத்துக்கிட்டு இருந்திருக்கா. நைனா மூட்டை தூக்கி சறுக்கி விழுந்தப்ப, காய்ச்சல்ல கிடந்தப்ப, லாரிக்காரனோட தகராறு பண்ணிட்டு வந்தப்ப, அவ முதல்ல தன் கையைத்தான் பார்த்திருக்கா. எனக்கு அவ மேல கோவம் கோவமா வந்துச்சு. கட்டிப் பிடிச்சு அழணும்னும் வந்துச்சு. ரெண்டுல கோவம்தான் ஜெயிச்சுது. கிணத்தடியே அதிர்ற மாதிரி கத்தினேன். அன்னைக்கு சாயந்திரமே நைனாகிட்ட எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டேன்.

நைனா மூட்டைக் கொக்கியைச் சுவத்துல மாட்டிக்கிட்டே கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு சிரிச்சாரு.

"அடி பைத்தியக்காரி. உன்னைக் கட்டிப் பெத்த பொண்ணு வேலைக்கே போவுது. நான் இன்னும் சாகாமத்தானே இருக்கறேன்?"

"மூடியிருக்கறதாலதான் இருக்கறீங்க"ன்னா அம்மா.

 நைனா சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

அம்மாவை மறுபடியும் பாண்டிக்குக் கிளப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கடைசியில ஒரு நிபந்தனை போட்டா. நைனா அவ கூட நிக்கக் கூடாது. அந்தக் கட்டடத்துக்குள்ளயே வரக் கூடாது. ஊருலயே இருக்கட்டும்னு பார்த்தா. நைனா முடியாதுன்னுட்டாரு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை இருக்குது, அங்கே நிக்கறேன்னு சொன்னாரு. அதுக்கு ஒத்துக்கிட்டா. பஸ்ஸுலயும் அவரு முன்னால, நாங்க பின்னால. மனுஷன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தாரு. இவ ஜன்னல் பக்கம் மூஞ்சைத் திருப்பிக்கிட்டா.

டாக்டர்கிட்ட நானே சொன்னேன். "சார், அங்கே மச்சம் இருந்துச்சு. மச்சத்து மேலதான் குத்தியிருக்காங்க." அவரு திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும். அவரு எண்ணெயை எடுத்தாரு. விளக்கைப் போட்டு இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, பார்த்துக்கிட்டே இருந்தாரு. மறுபடியும் கேமராவை மாட்டிப் படம் பிடிச்சாரு. எங்களை இருக்கச் சொல்லிட்டு, படத்தைக் கழுவி எடுத்துக்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாரு.

மத்தியானத்துக்கு மேல என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாரு. மேஜை மேல ரெண்டு படம். பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. உள்ளங்கை அகலத்துக்குப் பெருசாக்கியிருந்தாங்க. எங்க அம்மா கைன்னு சொன்னாத்தான் தெரியும். தோலு வறண்ட ஏரி மாதிரி கோடு கோடா கிடந்துச்சு. படம் கருப்பு வெள்ளைதான். கலரைப் பார்க்கணும்னா இங்கே பாருன்னு சொல்லி, அம்மாவையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, மைக்ராஸ்கோப்புல என்னையே பார்க்கச் சொன்னாரு.

பக்கத்துப் புள்ளியை முதல்ல காட்டினாரு. அது ஒரே சீரா, மங்கலா, நீலமா இருந்துச்சு. அப்புறம் கையை நகர்த்தினாரு. நான் பார்த்ததை எப்படிச் சொல்றது? ஒரு கருப்பு இல்லை அது. பழுப்பு, கருப்பு, சாம்பல், நீலம், எல்லாம் முறையில்லாம கலந்து கிடந்துச்சு. ஓரத்துல இருந்து கால் காலா நல்ல தோலுக்குள்ள நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வெளியில இருந்து பார்த்தா ஒரு புளியங்கொட்டை அளவு கூட இல்லை. உள்ளே அது ஒரு ஊரையே வளைச்சுப் பிடிச்ச மாதிரி கிடந்துச்சு.  கண்ணை எடுத்துட்டேன். சின்னப் பிள்ளையில நான் தலை வெச்சுப் படுத்த கை.

அம்மாவை வெளியே அனுப்பிட்டு டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. கோலத்தோட கம்பியைக் காட்டினாரு. பழைய படத்துல புள்ளி கம்பிக்கு உள்ளே. புதுசுல வெளியே.

"பச்சை நகராதும்மா. குத்தின எடத்துலயே கிடக்கும். நகருதுன்னா அதுக்கு உசுரு இருக்குதுன்னு அர்த்தம்."

மெலனோமான்னு அவரு சொன்னாரு. மச்சத்துல பிடிக்கற புத்துநோய். அந்த எடத்தோட நின்னிருந்தா சுத்தி இருக்கற தோலோட வெட்டி எடுத்துட்டாப் போதும், பிழைச்சுக்குவாங்க. அக்குளுக்கு ஏறிடுச்சுன்னா கஷ்டம்னாரு. கஷ்டம்னா என்ன சார்னு கேட்டேன். எழுந்து போயி கதவைத் திறந்தாரு. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அக்குள்ல கையை வெச்சு அழுத்திப் பார்த்தாரு. ஒரு எடத்துல விரலு நின்னுச்சு. மறுபடியும் அதே எடத்துக்கு வந்துச்சு.  அங்கே ஒரு கட்டி இருந்துச்சு.

அம்மாவைச் சேர்த்தாங்க. கையில தோலைக் குழி பறிச்ச மாதிரி வெட்டி எடுத்து, தொடையில இருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினாங்க. அக்குள் கட்டியையும் எடுத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு வெளியே வந்த டாக்டர் மூஞ்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. படிச்ச பொண்ணாச்சே, மறைக்கக் கூடாதுன்னு சொன்னாரு: கட்டியை அறுத்துப் பார்த்தா உள்ளே கரிக்கட்டை மாதிரி கருப்பு. கருப்பு அங்கே வரைக்கும் போயிருக்குதுன்னா நோய் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். சீவி, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். சில நாள் ஆகும்.

ரோட்டைத் தாண்டிப் போயி நைனாகிட்ட சொன்னேன். டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு மரத்தடியில பையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அன்னைக்கு வந்து உக்காந்தவரு, ராத்திரி பஸ் ஸ்டாண்டுல படுத்துட்டு விடிஞ்சதும் அங்கேயே வந்துடுவாரு. நான் சொல்லச் சொல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாரு. எவ்வளவு பெரிய மூட்டையா இருந்தாலும் முனகாதவரு. ஓன்னு அழுதுட்டாரு.

"அது என்னைத்தானே கேட்டுச்சு? என்னை எடுத்துக்கட்டும். அவளை விட்டுடச் சொல்லு."

"யாருகிட்டப் போயி சொல்லச் சொல்ற? மச்சத்தையா? நீயும் ஆரம்பிக்காத நைனா. அவ ஒருத்தி போதும்"னு எரிஞ்சு விழுந்தேன். அவரு கேக்கலை. கட்டடத்தைப் பார்த்துக்கிட்டே "எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும்"னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தாரு.  அவரை அப்படியே விட்டுட்டு உள்ளே போயிட்டேன். அம்மாவுக்குக் கஞ்சி குடுக்கணும்.

அந்த நாளெல்லாம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. அம்மாகிட்ட கட்டி கருப்பா இருந்ததைச் சொல்லலை. அவ கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். "உங்க நைனா எப்படி இருக்காரு? சாப்பிட்டாரா? கிட்ட வரலையே?" நர்ஸம்மா வந்து கட்டுப் பிரிக்கும்போது கூட வலின்னு ஒரு வார்த்தை சொன்னவ இல்லை. கட்டு அவிழ்க்கும்போது ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னா. எனக்குத் தெரியும் ஏன்னு. நான் போயி சாத்தினேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாரு.  அவரு இந்தத் தடவை வேற மைக்ராஸ்கோப் பக்கம் உக்காந்திருந்தாரு, பள்ளிக்கூடத்துல பார்க்கற மாதிரி.

"வாம்மா. நீயே பாரு."

எனக்குப் பார்க்கவே பயம். குனிஞ்சேன். பொடிப் பொடியா கருப்புத் தூள் சிதறிக் கிடந்துச்சு.

"இது நோய் இல்லை. கரி. கையில பச்சை குத்தறாங்களே, விளக்குக் கரி, அது இத்தனை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா மேல வந்து அக்குள் கட்டியில தங்கியிருக்குது. அதான் கருப்பு. மச்சத்துல இருந்தது கெட்ட சாதிதான், சந்தேகமே இல்லை. ஆனா அது கையைத் தாண்டலை. வெட்டினதோட போச்சு. அப்பப்ப கூட்டிக்கிட்டு வந்து காட்டணும். இப்போதைக்கு உங்க அம்மாவுக்குப் பயமில்லை."

அவருக்குக் கும்பிடு போட்டேனா, அழுதேனா, ஒண்ணும் ஞாபகம் இல்லை. அம்மாகிட்ட கூடப் போகலை. முதல்ல நைனாவுக்குச் சொல்லணும்னு படியில ஓடினேன், ரோட்டைத் தாண்டினேன்.

மரத்தடியில நைனா இல்லை.

பை மட்டும் இருந்துச்சு. பைக்கு மேல அவரு துண்டு.

டீக்கடைக்காரரைக் கேட்டேன். "காலையிலயே பையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு எழுந்து போனாரும்மா. இன்னும் வரலை. மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு"ன்னாரு.

நான் டீச்சரு. பிள்ளைங்களுக்கு சூரிய கிரகணம் எப்படி வருதுன்னு கரும்பலகையில படம் போட்டுச் சொல்லிக் குடுத்தவ. அம்மாவைக் கிணத்தடியில வெச்சு முட்டாளேன்னு திட்டினவ. அந்த மரத்தடியில, அந்தப் பையைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப, நான் நம்பினேன். முழுசா நம்பினேன். திறந்துட்டாங்க. அவளை விட்டுட்டு இவரை எடுத்துக்கிச்சு. அவரே வாயால கேட்டாரே, குடுத்துட்டாரே, நான் பக்கத்துல இருந்தும் வாயைப் பொத்தாம போயிட்டேனே. கூட்டமா யாராவது நின்னா அங்கே ஓடினேன். ரோட்டுல ஒரு மாட்டு வண்டிக்காரன் யாரையோ திட்டினா அங்கே ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி பார்த்தேன். இல்லை. தெருவெல்லாம் ஒரே நேரா கடலைப் பார்த்து ஓடற ஊரு அது. எந்தத் தெருவுல இறங்கினாலும் கடைசியில கடல்தான். கடலு ஞாபகம் வந்ததும் "ஐயோ நைனா"ன்னு நடுத்தெருவுல கத்திட்டேன்.

கரையில இருந்தாரு.

தண்ணி வந்து காலை நனைக்கற எடத்துல, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தாரு. கடலைப் பார்க்கலை. ஊரைப் பார்த்துத் திரும்பி நின்னாரு. நான் ஓடிப் போயி அவரு நெஞ்சுல ரெண்டு கையாலயும் குத்தினேன். "எங்கே போயிட்ட நீ? எங்கே போயிட்ட? பையை விட்டுட்டு எவனாவது போவானா? அறிவு இருக்குதா உனக்கு?" பெத்த அப்பனைப் பேசற பேச்சா அது! வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்.

அவரு அடியை வாங்கிக்கிட்டு மெதுவா சொன்னாரு.

"காலையில உங்க அம்மா மாடி வராண்டாவுல வந்து நின்னாம்மா. என்னைப் பார்த்துட்டா. கையை ஆட்டினா. போ, போ, இன்னும் போன்னு. கட்டு போட்ட கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினாம்மா. வலிக்குமேன்னு உடனே எழுந்து வந்துட்டேன். திரும்பிப் பார்த்தா இன்னும் ஆட்டறா. நானும் போய்க்கிட்டே இருந்தேன். கடல் வந்துடுச்சு."

 அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, கரிதான் நைனா, பச்சை குத்தின கரி, நோய் பரவலை, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவருக்கு முதல்ல ஏறலை. மறுபடியும் சொன்னேன். தண்ணி வந்து ரெண்டு பேரு காலையும் நனைச்சுட்டுப் போச்சு. நைனா என் மூஞ்சையே பார்த்தாரு.

"அப்ப நான் கிட்ட வரலாமா?"ன்னு கேட்டாரு.